போதை மீட்பு மையம்: முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது?

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் அம்மாவோ மனைவியோ கவுன்சிலரிடம் முதலில் கேட்பது, "இப்ப எப்படி இருக்காரு?" என்றுதான். "நல்லா இருக்காரும்மா, குடிச்சு இருபது நாளாச்சு" என்று சொல்லி அனுப்புகிறோம். மையத்துக்குள் சரக்கு கிடைக்காது. அந்த இருபது நாளில் பெரும்பங்கு பூட்டிய கேட்டுக்குச் சேர வேண்டியது. அப்படியென்றால் அவர் தேறுகிறாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பலர் முதலில் நம்புவது சிறுநீர்ப் பரிசோதனையை. வெளியே போய்த் திரும்பியவருக்கு அது சரி. ஆனால் ஹெராயினின் தடயம் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். தினமும் கஞ்சா புகைத்தவருக்கோ நிறுத்திய பிறகும் சில வாரம் பாசிட்டிவ் வரலாம். இது தெரியாமல், சேர்ந்த பத்தாம் நாள் பாசிட்டிவ் வந்த பையனை "உள்ளேயே இழுத்திருக்கே" என்று திட்டுவது பெரிய அநியாயம். குடிநோயாளிக்கு ரத்தத்தில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு சில வாரத்தில் இறங்கும். அந்த ரிப்போர்ட்டைக் காட்டினால் அவருக்கே ஒரு தெம்பு வரும், காட்டலாம். வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வார் என்பதை அது சொல்லாது.

அடுத்தது, உலகம் முழுக்கப் புழங்கும் அடிக்‌ஷன் செவிரிட்டி இண்டெக்ஸ் என்ற கேள்விப் படிவம், சுருக்கமாக ஏ.எஸ்.ஐ. 1980-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தாமஸ் மெக்லெல்லன் குழு உருவாக்கியது. உடல்நலம், வேலை, மது, பிற போதைப்பொருள், போலீஸ்-கோர்ட் விவகாரம், குடும்ப உறவு, மனநலம் என 7 பகுதிகள். ஒவ்வொன்றிலும் கடந்த 30 நாள் நிலவரம் 0 முதல் 1 வரை ஸ்கோராக வரும், ஸ்கோர் கூடினால் பிரச்சினை அதிகம் என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. குடி நின்றாலும் கடனும் மனைவியோடு மனஸ்தாபமும் அப்படியே நிற்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

ஆனால் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும், பயிற்சி பெற்றவர் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், டிஸ்சார்ஜ் அன்று மறுபடி கேட்டால் அந்த 30 நாளும் மையத்துக்குள் கழிந்ததாக இருக்கும். குடி ஸ்கோர் தானாகவே இறங்கும். சம்பளம் இல்லாததால் வேலை ஸ்கோர் மோசமாகும். இரண்டுமே அவரைப் பற்றிய உண்மை கிடையாது. உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். 30 நாளில் எத்தனை நாள் கட்டுப்பாடான இடத்தில் இருந்தீர்கள் என்று அந்தப் படிவமே கேட்கிறது.

இந்த இடத்தில்தான் பிரீஃப் அடிக்‌ஷன் மானிட்டர் கைகொடுக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் வளர்ந்த கருவி. 17 கேள்வி, ஐந்து நிமிடம் போதும். தூக்கம், மனநிலை, குடிக்கும் ஏக்கம், வீட்டுத் தகராறு ஒரு பக்கம். குடிக்காமல் இருக்க முடியும் என்ற நம்பிக்கை, சுய உதவிக் குழு, ஆதரவாக நிற்கும் மனிதர்கள் மறு பக்கம். இவற்றில் பல, கேட் பூட்டியிருக்கும்போதும் மாறக்கூடியவை. குறை என்னவென்றால், எல்லாம் அவர் சொல்வதை வைத்துத்தான். சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசைப்படுபவர் எந்தப் பதில் நல்ல பதில் என்று விரைவில் கண்டுபிடித்துவிடுவார். "ஏக்கமே இல்ல சார்" என்பவருக்குத் தூக்கம் மட்டும் சரியில்லை என்று பதிவானால், அங்கே உட்கார்ந்து பேச வேண்டும்.

மாதக்கணக்கில் சேர்ந்து வாழும் சிகிச்சைச் சமூகங்களுக்கு ஜார்ஜ் டி லியோன், ஜார்ஜ் கிரெசல் ஆகியோர் உருவாக்கிய மதிப்பீடு உண்டு. ஒரே 14 அம்சங்களில் நோயாளி தனக்குப் போடும் மார்க்கும் ஊழியர் அவருக்குப் போடும் மார்க்கும் பக்கத்துப் பக்கத்தில் வரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி நிறையச் சொல்லும். ஆனால் ஒரு மாத வார்டில் ஊழியர் ஒருவரை அந்த அளவுக்குப் பழகி அறிய நேரம் இல்லை.

என்னைக் கேட்டால், குடியை நிறுத்தியதும் வரும் கைநடுக்கம் அடங்கிய பிறகு முதல் வாரத்தில் ஏ.எஸ்.ஐ., அப்புறம் வாராவாரம் அந்த 17 கேள்வி. ஏ.எஸ்.ஐ.யை மறுபடி எடுப்பது டிஸ்சார்ஜ் அன்று வேண்டாம், வெளியே போன மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எடுக்கலாம்.

அப்போது கணக்கில் ஒரு கவனம் தேவை. உதாரணத்துக்கு 50 பேர் வீட்டுக்குப் போனார்கள், பிறகு நாம் கூப்பிட்டபோது 20 பேர்தான் போனை எடுத்தார்கள், அதில் 14 பேர் குடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 20-ஆல் வகுத்தால் 70 சதவீதம், 50-ஆல் வகுத்தால் 28. மீண்டும் குடிக்க ஆரம்பித்தவர் கூச்சத்தில் போனை எடுக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் 50-ஆல்தான் வகுக்க வேண்டும். சேரும் அன்றே அவருடைய நம்பரோடு மனைவி, அண்ணன், ஒரு நண்பர் நம்பரையும், அவர் சம்மதத்தோடு, வாங்கி வைத்தால் அந்த 20-ஐ 40 ஆக்கலாம்.