லினக்ஸில் வீட்டு பிராட்பேண்ட்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

இணைப்பு கொடுக்க வந்தவர் என் திரையைப் பார்த்ததும், "இதுல விண்டோஸ் இல்லையா சார்?" என்றார். உபுண்டு லினக்ஸ் என்றேன். "லினக்ஸ்னா நீங்களேதான் பாத்துக்கணும்" என்று பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மூன்று வருடம் ஆகிறது. இதற்குள் எனக்கு வந்த இணையச் சிக்கல்களில் லினக்ஸ் மட்டுமே காரணமாக இருந்தது ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வருடம் மோடத்தை பிரிட்ஜ் முறையில் வைத்திருந்தேன். அதாவது மோடம் சும்மா கம்பி மாதிரி இருக்கும். பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து டயல் செய்வது கணினியின் வேலை. இதற்குப் பயன்படும் நெறிமுறையின் பெயர் பிபிபிஓஇ. 1999-இல் வந்த பழைய சரக்கு, இன்னும் பல இடங்களில் அதுதான் ஓடுகிறது. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் பிபிபிஓஇகான்ஃப் என்று ஒரு கருவி உண்டு. டெர்மினலில் ஓட்டினால் எழுத்துத் திரை ஒன்று திறந்து வரிசையாகக் கேள்வி கேட்கும்: பயனர்பெயர் என்ன, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) முகவரியை எதிர்முனையிலிருந்தே வாங்கிக்கொள்ளலாமா, கணினி தொடங்கும்போதே இணைக்கட்டுமா. ஐந்து நிமிட வேலை. எனக்கு அரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் தாளில் இருந்த பூஜ்யத்தை நான் 'ஓ' என்று படித்திருந்தேன். பிளாக் (plog) என்ற கட்டளையைக் கொடுத்ததும் பதிவேட்டின் கடைசி வரிகளில் 'அங்கீகாரம் தோல்வி' என்று வெளிப்படையாகவே இருந்தது. இணைக்க பான் (pon), துண்டிக்க பாஃப் (poff), என்ன நடந்தது என்று பார்க்க பிளாக். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் நான் அவசரப்பட்டு 'இல்லை' என்று அழுத்திவிட்டேன். எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவின் உச்ச அளவை, 1452 பைட்டுக்குள் கட்டுப்படுத்தட்டுமா என்ற கேள்வி. சந்தேகமாக இருந்தால் 'ஆம்' சொல்லுங்கள் என்று அந்தத் திரையிலேயே எழுதியிருக்கும். யார் படிக்கிறார்கள்?

என் கணினியில் எல்லாமே நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதம் கழித்து இதே கணினி வழியாக மடிக்கணினிக்கும் இணைப்பைப் பகிர்ந்தேன். அப்போதுதான் ஆரம்பித்தது. மடிக்கணினியில் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, தேடுபொறி திறக்கிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. அதே தளம் பக்கத்தில் இருக்கும் என் கணினியில் பட்டென்று திறக்கிறது. டிஎன்எஸ்ஸை மாற்றினேன், உலாவியை மாற்றினேன், இரண்டு ராத்திரி போனதுதான் மிச்சம்.

கணக்கு இதுதான். ஈதர்நெட் என்ற கேபிள் இணைப்பில் ஒரு பொட்டலம், அதாவது தரவுத் துண்டு, 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்காக (பொட்டலத்தின் முன்னால் ஒட்டும் விவரம்) அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. அதிலும் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 போனால் வருவதுதான் அந்த 1452. டயல் செய்யும் கணினிக்கு இது தெரியும், அதனால் எதிர்முனையிடம் தானாகவே சின்னதாகக் கேட்கிறது. பின்னால் இருக்கும் மடிக்கணினிக்குத் தெரியாது. முழு அளவிலேயே கேட்கிறது. சர்வர் அனுப்பும் பெரிய பொட்டலம் வழியில் நுழைய முடியாமல் விழுகிறது. 'பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு' என்ற தகவலைச் சில தளங்களின் ஃபயர்வால் (வேண்டாத தரவைத் தடுக்கும் அரண்) உள்ளேயே விடுவதில்லை, அதனால் சர்வர் திரும்பத் திரும்ப அதே அளவில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கருவியை மறுபடி ஓட்டி அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றேன். அன்றே சரியாகிவிட்டது.

இன்னொன்று: கணினியே டயல் செய்யும்போது நடுவில் ரவுட்டர் என்ற சுவர் இல்லை. பொது ஐபி முகவரி கிடைக்கும் இணைப்பு என்றால் கணினி நேராகத் தெருவில் நிற்கிறது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் உண்டு, ஆனால் நாமாக இயக்கும்வரை தூங்கும். தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சை நான் திறந்து வைத்திருந்தேன். ஒரு நாள் பதிவேட்டைப் பார்த்தால் யார் யாரோ, 'அட்மின்', 'டெஸ்ட்' என்று ஏதேதோ பெயரில் கடவுச்சொல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கே ஃபயர்வாலை இயக்கினேன்.

இரண்டாம் வருடம் டயல் செய்யும் வேலையை ரவுட்டரிடமே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு லினக்ஸ் பக்கம் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. கேபிளைச் செருகினால் லினக்ஸில் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் ஐபி முகவரி வாங்கிக்கொள்கிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வதும் இந்த வழிதான்.

வேகத்தை உயர்த்திய திட்டத்துக்கு மாறியபோது ஒரு கூத்து நடந்தது. எத்தனை முறை சோதித்தாலும் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை. சேவை மையத்தை இரண்டு முறை திட்டியிருப்பேன். இந்த 94 ஒரு துப்பு என்பது அப்புறம்தான் உறைத்தது: 100 மெகாபிட் இணைப்பில் தலைப்புச் செலவெல்லாம் போக நிஜமாகக் கிடைப்பது அவ்வளவுதான். கேபிள் இணைப்பின் நிலையைக் காட்டும் இத்டூல் கட்டளை போட்டுப் பார்த்தால் வேகம் 100 என்று காட்டியது. கிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, கேபிளில் உள்ள எட்டு இழையும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த கேபிளில் ஏதோ ஓர் இழை அறுந்திருக்கிறது. கேபிளை மாற்றினேன், 1000 என்று வந்தது. திட்டு வாங்கியவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

சரி, லினக்ஸ் மட்டுமே காரணமாக இருந்த அந்த ஒன்று: யுஎஸ்பி வைஃபை குச்சி. அதன் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வராது. நாமே மூல நிரலிலிருந்து தொகுத்துப் போட வேண்டும். கெர்னல் புதுப்பிப்பு வந்த மறுநாள் காலை வைஃபை காணோம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். கைபேசியை யுஎஸ்பியில் செருகி டெதரிங் (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போட்டேன். எதையும் நிறுவாமல் உடனே வேலை செய்தது. டிரைவரை டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட்டால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே தொகுத்துக்கொள்ளும். ஆனால் நான் அந்தக் குச்சியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கெர்னலிலேயே டிரைவர் உள்ள வேறொன்று வாங்கினேன்.

இணைப்பு போனால் இப்போதும் சேவை மையத்துக்கு அழைக்கத்தான் வேண்டியிருக்கிறது. "சார், கன்ட்ரோல் பேனலைத் திறங்க" என்பார்கள். "திறந்துட்டேன்" என்பேன், ரவுட்டர் பக்கத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே.