பழைய பயிற்சியைத் தூக்கிவிட்டார்கள்: கத்துவதா, கழன்றுகொள்வதா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில், வாரத்தில் ஐந்து நாள், காலை ஐந்தரை மணிக்கு ஆறு பெண்கள் டிவி முன்னால் நிற்போம். காரை முந்தின ராத்திரியே முற்றத்தில் நிறுத்தச் சொல்லிவிடுவேன். ஆறு பேரில் மூத்தவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. வயது அறுபத்தாறு, தையல் தொழிற்சாலையில் முப்பது வருடம் மிஷின் மிதித்த முழங்கால். இளையவள் என் நாத்தனார் மகள், பத்தொன்பது வயது. நான் தூத்துக்குடியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்து பதினொரு வருடம் ஆகிறது. உடற்பயிற்சி ஆப்புக்கான சந்தா ஒன்றுதான், என் பெயரில். மாதக் காசை ஆறாகப் பங்கு போட்டுக்கொள்வோம். இது அவர்கள் விதிக்கு ஒத்துவருமா என்று யாரும் கேட்காதீர்கள்.

அந்த ஆப்புக்குக் காசு கட்டியதே ஒரே ஒரு தொடருக்காக. 28 நாள். குதிப்பது கிடையாது. நின்ற இடத்தில் நடை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, கடைசி ஐந்து நிமிடம் தோள்பட்டை. சொல்லிக்கொடுத்த பெண்மணிக்கு ஐம்பது தாண்டியிருக்கும்; மூச்சு வாங்கினால் மறைக்கமாட்டார். 28 முடிந்ததும் மறுபடி 1. நான்கு வருடத்தில் புரட்டாசி, காவடி விரதம், கல்யாணம், காய்ச்சல் என்று விட்டுப்போனதைக் கழித்தாலும் முப்பது சுற்றாவது போயிருக்கும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஆப்பைத் திறந்தால் தொடரைக் காணோம். அந்த இடத்தில் ஊதா விளக்கு, நீல விளக்கு, நிமிடத்துக்கு நாலு தரம் குதிக்கச் சொல்லும் ஒரு பையன். “புதிய அனுபவம்” என்று மேலே ஒரு பட்டை. ஆன்ட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நான் காசு குடுத்து வாங்கின தையல் மிஷினை கடைக்காரன் வந்து தூக்கிட்டுப் போவானா மா?”

“வாங்கலை ஆன்ட்டி, வாடகைக்குத்தான் எடுத்திருக்கோம்” என்றேன். சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது.

அந்த வாரம் பயிற்சியைவிடப் பேச்சுதான் அதிகம். ஆறு பேருக்கு ஆறு யோசனை. ஒவ்வொன்றாக அலசிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். உங்கள் ஆப்பிலும் இது நடக்கும்; நடக்காவிட்டால் அதிர்ஷ்டம்.

முதல் யோசனை, இருந்து சண்டை போடுவது. நாத்தனார் மகளுக்கு இதில்தான் நம்பிக்கை. மனு எழுதலாம், நட்சத்திரத்தைக் குறைத்துப் போடலாம், மற்ற சந்தாதாரர்களையும் சேர்த்துக்கொண்டு கத்தலாம் என்றாள். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் இதற்கு முன்னால் கத்தியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தபோது வேகம் கொஞ்சம் தணிந்தது.

வீட்டு உடற்பயிற்சி சைக்கிளும் அதற்கான வீடியோ வகுப்புகளும் விற்கும் பெலோட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் பாடல் உரிமைக்காரர்கள், அனுமதி வாங்காமல் எங்கள் பாட்டைப் போடுகிறார்கள் என்று அதன் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். உடனே அந்தப் பாடல்கள் வரும் வகுப்புகளையெல்லாம் பெலோட்டன் கழற்றிவிட்டது. நாளுக்கு நாள் வளரும் நூலகம் என்று விளம்பரம் செய்துவிட்டு இப்படிச் சுருக்கலாமா என்று சந்தாதாரர்கள் தனியாக ஒரு வழக்குப் போட்டார்கள். பாடல் தகராறு 2020 பிப்ரவரியில் சமரசமாக முடிந்தது. முடித்துக்கொண்டது கம்பெனியும் பாட்டுக்காரர்களும். நடுவில் சைக்கிள் மிதித்தவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இதில் ஒன்று தெரிந்துகொண்டேன்: ஒரு பழைய வகுப்பு காணாமல் போனால் அதற்குப் பின்னால் பாட்டு உரிமை இருக்கலாம், பயிற்சியாளரின் ஒப்பந்தம் இருக்கலாம். அப்படிப்பட்டதை நாம் எவ்வளவு கத்தினாலும் பட்டனைத் தட்டித் திருப்பிக் கொடுக்க அவர்களாலும் முடியாது.

ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் வேறு ரகம். அங்கே எதுவும் அழியவில்லை, பூட்டு விழுந்தது. ஒவ்வொரு சாலைத் துண்டிலும் யார் எத்தனையாவது இடம் என்ற முழுப் பட்டியலை 2020 மே மாதம் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மற்றவர்களுக்கு முதல் பத்துப் பெயர் மட்டும். டர்பனில் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் ஒரு பெருமூச்சு வரும். பூட்டு பூட்டாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டுக் கணக்கு வைக்கும் மைஃபிட்னஸ்பால் ஆப்பும் 2022 அக்டோபரில் சாப்பாட்டுப் பொட்டலத்தின் பார்கோடை ஸ்கேன் செய்யும் வசதியைக் காசு கட்டுபவர்கள் பக்கம் தள்ளியது. அதற்கும் கத்தல் வந்தது.

எனக்கு மனசு நொந்தது, கையில் கட்டிக்கொண்டால் நடையை எண்ணும் ஃபிட்பிட் கதையில்தான். நண்பர்களுக்குள் யார் அதிகம் நடந்தார்கள் என்று போட்டி வைக்கும் வசதி ஒன்று அதில் இருந்தது. என் மாமியாரும் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அவர் தங்கையும் வாரக் கடைசியில் அதில் மோதிக்கொள்வார்கள். தோற்றவர் வீட்டில் அடுத்த தடவை பிரியாணி. கூகுள் கைக்கு 2021-ல் ஃபிட்பிட் போனது. 2023 மார்ச் 27-ஆம் தேதியோடு போட்டிகளையும் பொதுக் குழுக்களையும் எடுத்துவிட்டார்கள். வருடக்கணக்கில் அதையே நம்பி இருந்தவர்கள் வேண்டாம் வேண்டாம் என்றார்கள். திரும்பி வரவில்லை. இப்போது அக்காவும் தங்கையும் வாட்ஸ்அப்பில் எண்ணிக்கையைப் படம் பிடித்து அனுப்பிக்கொள்கிறார்கள். பிரியாணி தப்பித்தது.

ஆக, வெறும் கத்தலால் பெரிதாக எதுவும் திரும்பியதாக நான் பார்த்ததில் இல்லை. அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. என் கணக்கு இது: “பழையபடி எல்லாவற்றையும் மாற்று” என்று கேட்டால் கிடைக்காது, சின்னதாக, பெயர் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் கிடைக்கும். நாங்கள் எழுதிய மெயிலில் திட்டே இல்லை. தொடரின் பெயர், எத்தனை நாள், முழங்கால் வலி இருப்பவர்களுக்கு மாற்று எது, காசு கட்டிய காலம் முடியும்வரையாவது அதைத் திறந்துவிட முடியுமா, அவ்வளவுதான். முதலில் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று அச்சடித்த பதில் வந்தது. விடாமல் மறுபடி எழுதினோம். மூன்று வாரம் கழித்து 28-ல் ஒன்பது நாள் மட்டும் ஒரு மூலையில் முளைத்தது, பாட்டைப் பிடுங்கிவிட்டு. “இந்தத் தாளத்தைக் கேளுங்கள், பிரமாதம்!” என்று அந்த அம்மா சொல்கிறார், கராஜில் எங்கள் செருப்புச் சத்தம்தான் கேட்கிறது.

அடுத்தது கழன்றுகொள்வது. இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒரு எச்சரிக்கை மட்டும். ஆப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிற்காது. ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டினால் அங்கே சந்தாப் பட்டியலுக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்ததும் கதவு மூடிக்கொள்ளாது. கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். அதனால் கோபம் வந்த அன்றைக்கே ரத்து செய்துவிட்டு மிச்ச நாளில் சண்டை போடுவதுதான் சாமர்த்தியம். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் நாலு வரி எழுதிவிட்டுப் போங்கள். கருத்துப் பகுதியில் நாற்பது வரி எழுதுவதைவிட, காசு நிற்கும் இடத்தில் எழுதும் நாலு வரியை யாராவது படிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று, வருடச் சந்தா மலிவு என்று மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். அந்த அதிகக் காசு, பிடிக்காதபோது எழுந்து போவதற்கான விலை.

மூன்றாவது, யூடியூப். இலவசம். கொட்டிக் கிடக்கிறது. இரண்டு நாள் போட்டுப் பார்த்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும்போது இன்சூரன்ஸ் விளம்பரம் வந்தது. ஆன்ட்டி காலைக் கீழே வைத்துவிட்டு அதை முழுக்கப் பார்த்தார். விளம்பரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் காலை ஐந்தரைக்கு “இன்னைக்கு எதைப் போடறது?” என்று ஆறு பேர் விவாதம் நடத்துவதுதான் முடியவில்லை. நாங்கள் ஆப்புக்குக் கட்டிய காசு வீடியோவுக்கு இல்லை, இந்தக் கேள்வி எழாமல் இருப்பதற்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அதுவும் தவிர, அங்கேயும் வீடியோ நம்முடையது இல்லை. போட்டவர் நினைத்தால் நாளைக்கே எடுத்துவிடலாம்.

ஜிம்மில் சேரலாம் என்றாள் ஆறு பேரில் ஒருத்தி. காசு அதிகம், ஆனால் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 14-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தத்தை 24 மாதத்துக்கு மேல் சாதாரணமாக இழுக்கக் கூடாது. நடுவில் விலக வேண்டுமானால் 20 வேலை நாள் முன்னதாக எழுத்தில் சொன்னால் போதும். நியாயமான ரத்துக் கட்டணம் வாங்கலாமே தவிர மிச்ச மாதமெல்லாம் கட்டு என்று கழுத்தைப் பிடிக்க முடியாது. எங்கேயோ கடல் தாண்டி இருக்கும் ஆப்போடு மல்லுக்கட்டுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஆன்ட்டிக்கு அங்கே இருக்கும் கண்ணாடிச் சுவர் பிடிக்காது. எனக்கும்தான்.

கடற்கரைக்கு வருகிறேன். என் கணவரின் யோசனை இது, அவர் நடப்பதில்லை என்பது வேறு விஷயம். டர்பன் கடற்கரை நடைபாதையைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. உஷாகா பக்கத்திலிருந்து ப்ளூ லகூன் வரைக்கும் காற்று வாங்கிக்கொண்டே போகலாம், சந்தா கிடையாது, யாரும் கடலை எடுத்துவிட்டுப் புதிய அனுபவம் என்று பட்டை ஒட்டப்போவதில்லை. சனிக்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து ஓடும் நார்த் பீச் பார்க்ரன்னும் இருக்கிறது, ஐந்து கிலோமீட்டர், இலவசம், நடந்தே முடிக்கலாம். லண்டனில் புஷி பார்க்கில் 2004-ல் 13 பேரோடு தொடங்கிய இந்த வழக்கம் 2011-ல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. கொண்டுவந்தவர் காம்ரேட்ஸில் ஒன்பது தரம் ஜெயித்த ப்ரூஸ் ஃபோர்டைஸ்.

வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் இதே சண்டை நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் பாதைவாரியான வேகச் சாதனைப் பட்டியல்களைத் தங்கள் தளத்திலிருந்து பார்க்ரன் எடுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பட்டியல் போனது போனதுதான். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அதே பாதை அங்கேயே இருந்தது. ஆப்புக்கும் இதற்கும் நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான்: மேலே ஒட்டியிருப்பதை எடுத்தால் கீழே ஏதாவது மிஞ்சுகிறதா?

சரி, அப்படியானால் எல்லோரும் கடற்கரைக்கே போகலாமே என்பீர்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னாலேயே வெளிச்சம் வந்துவிடும், போகலாம். ஜூனில் சூரியன் எழும்போது ஏழு மணியை நெருங்கிவிடுகிறது. இருட்டில் ஆறு பெண்கள் காரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய் நடந்துவிட்டு, எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். இந்த ஊரில் இருட்டில் நடப்பதைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூட்டிய கேட்டுக்குள் டிவி முன்னால் நிற்பது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் ஆண்களாக இருப்பார்கள்.

எனவே என் தீர்ப்பு: சனிக்கிழமைக்குக் கடற்கரை, கண்ணை மூடிக்கொண்டு. இளையவர்கள், தினம் ஒன்று புதிதாக வேண்டும் என்பவர்கள் யூடியூபுக்குப் போகலாம். ஒழுங்காகப் போவீர்கள் என்று உங்கள் மேல் உங்களுக்கே நம்பிக்கை இருந்தால் ஜிம், ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு. எங்களை மாதிரி ஒரே தொடரைப் பிடித்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு இதில் எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை.

பொருந்திய ஒன்றை ஆன்ட்டி கொண்டுவந்தார். பேத்தியின் பழைய ஸ்கூல் நோட்டு. 2023-ல் கரண்ட் அடிக்கடி போன சமயத்தில் டிவி இருக்காது. சின்ன பேட்டரியில் வைஃபை மட்டும் ஓடும், என் போன் திரையை ஆறு பேர் எட்டிப் பார்ப்போம். ஆன்ட்டிக்கு அந்தத் திரை தெரியாது. அதனால் வீட்டுக்குப் போனதும் அன்றன்றைக்கு என்ன செய்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். குச்சி மனிதன் படம், பக்கத்தில் “நாற்காலி 10, இடது 8, வலது 8, தண்ணி”. சில இடத்தில் தமிழ், சில இடத்தில் ஆங்கிலம். பதினேழாம் நாளில் குழம்புக் கறை. 28-ல் 26 நாள் இருக்கிறது. மிச்சம் இரண்டும் ஆப்பில் திரும்பி வந்த ஒன்பதில் இருந்தன, பார்த்து எழுதிக்கொண்டோம். அதற்கு மட்டும் அந்தக் கம்பெனிக்கு நன்றி. அன்று மாலையே ரத்து செய்தேன்.

இப்போது டிவி அணைந்திருக்கிறது. ஆன்ட்டிதான் முன்னால் நின்று எண்ணுகிறார், தமிழில். சின்ன வயதில் கோயில் பாடசாலையில் படித்த எண்கள். ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கினால் பத்தில்தான் நிற்கும். அசைவுகளோ எட்டில் முடிகிறவை. எட்டில் நிறுத்துங்கள் ஆன்ட்டி என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தோம். இப்போது நாங்களும் பத்து வைக்கிறோம்.