வீட்டில் ஃபைல் ஷேரிங் போட்டுத் தருகிறேன் என்று வருபவர்களிடம் உஷார்: எனக்கு 14,500 ரூபாய் தண்டம்

வேளச்சேரியில் இருக்கிறோம். வீட்டில் மூன்று கணினி, மூன்றிலும் மூன்று ரக ஓஎஸ், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். என்னுடையது விண்டோஸ் 11, மனைவியுடையது மேக்புக், கல்லூரியில் படிக்கும் பையன் உபுண்டு லினக்ஸைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். எந்த ஃபைலாக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை ஓட வேண்டும், அதுவும் விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் என்பதால் மேக் அதைப் படிக்குமே தவிர அதில் எழுதாது. அலுத்துப்போய், ரிச்சி தெருவில் கடை என்று விளம்பரம் போட்டிருந்த ஒருவரைப் போன மாதம் வரவழைத்தேன். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் கடைப் பெயர் இங்கே வேண்டாம்.

வந்தவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "சார், மூணு ஓஎஸ்ஸும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. நடுவுல சர்வர் பாக்ஸ் ஒண்ணு வெச்சாத்தான் உண்டு." பெட்டி 12,000, வேலைக்கூலி 2,500. பில் கேட்டால் "கடைக்கு வந்தா தர்றேன் சார்" என்றார். ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டு நான் காபி போடப் போய்விட்டேன், அங்கேதான் என் தப்பு.

பெட்டி வேலை செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 18 ஜிபி கல்யாண வீடியோவை அதில் ஏற்ற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. சரி, இப்படித்தான் இருக்கும்போல என்று இரண்டு வாரம் ஓட்டினேன். அப்புறம் ஓஎம்ஆரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, யாரு இதப் பண்ணது?" என்றான். அந்தக் குரலிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

பெட்டி எங்கோ கழித்துப் போட்ட பழைய சரக்கு. கணினிகள் நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர், அதன் அரதப்பழசான முதல் வடிவமான எஸ்எம்பி 1 மட்டும்தான் அதற்குத் தெரியும். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை நுழைந்தது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான், அதே ஆண்டுக் கடைசியிலிருந்து விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினால் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்ப்பதையே நிறுத்தத் தொடங்கியது. இந்த மனிதர் அதைத் தேடிப்பிடித்து என் கணினியில் ஆன் செய்திருக்கிறார், பையனின் லேப்டாப்பிலும் கட்டமைப்பு ஃபைலில் ஒரு வரி சேர்த்துப் பழைய முறையை அனுமதித்திருக்கிறார். ஃபயர்வால் ஆஃப். பெட்டிக்குக் கடவுச்சொல் கிடையாது. இதெல்லாம் போதாதென்று "வெளியூர் போனாலும் போட்டோ பாக்கலாம் சார்" என்று பெருமையாகச் சொன்னாரே, அது என்னவென்றால், ரவுட்டரில் எஸ்எம்பி வந்துபோகும் வாசலான 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து நேராகப் பெட்டிக்குக் காட்டிவிட்டிருந்தார். அப்பாவின் வீட்டுப் பத்திரம், எங்கள் ஆதார், பான் கார்டு ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருந்தன.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெட்டியே தேவையில்லை. மூன்று ஓஎஸ்ஸுக்கும் எஸ்எம்பி பேசத் தெரியும். விண்டோஸோடு மற்ற கணினிகள் ஃபைல் பகிர்ந்துகொள்ள சாம்பா என்ற இலவச மென்பொருளை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டார், இந்த ஆள் இன்னும் "பேசாது" என்கிறார்! எங்கள் வீட்டில் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான், என் விண்டோஸில் வைஃபை "பப்ளிக்" என்று இருந்தது, அதனால் மற்ற இரண்டுக்கும் அது கண்ணில் படவில்லை. அக்கா பையன் அதை "பிரைவேட்" ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்து, ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்தான். மேக்கில் ஃபைண்டரின் "கனெக்ட் டு சர்வர்", உபுண்டுவில் ஃபைல்ஸ், இரண்டிலும் என் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்ததும் கடவுச்சொல் கேட்டது. அங்கே கொஞ்ச நேரம் முட்டிக்கொண்டோம், ஏனென்றால் தினமும் உள்ளே போக நான் போடும் பின் நம்பரை அது ஏற்கவில்லை. விண்டோஸ் பின் அந்தக் கணினியோடு சரி, நெட்வொர்க் வழியாக வருபவருக்குக் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். ஷேரிங்குக்கென்றே தனியாக ஒரு லோக்கல் கணக்கு தொடங்கிக் கொடுத்தான், திறந்துகொண்டது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம், செலவு ஒரு பைசா இல்லை. எஸ்எம்பி 1-ஐ நீக்கி, ஃபயர்வாலை ஆன் செய்து, போர்ட்டை மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான்.

கடைக்குப் போன் செய்தேன். "யூஸ் பண்ண பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம் சார், வேணும்னா 3,000 தர்றோம்" என்றார்கள். பில் இல்லாததால் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்து 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிவு செய்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, பெட்டி பரணில் கிடக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வந்து "சர்வர் பாக்ஸ்" வைத்துவிட்டுப் போயிருந்தால், ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் பகுதியைத் திறந்து 445 இருக்கிறதா என்று இன்று ராத்திரியே பாருங்கள்.