67 ஆசியாவை மதுரை வானில் தேட: ஜேபிஎல் ஹொரைசன்ஸ் எவ்வளவு கைகொடுக்கும்?

1861 ஏப்ரல் 17 அன்று சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்தது 67 ஆசியா. ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலில் கண்டறியப்பட்ட சிறுகோள் என்பதால் இந்தப் பெயர். கிரேக்கப் புராணத்தில் வரும் ஆசியா என்ற தெய்வப் பெண்ணையும் அது குறிக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, சூரியனிலிருந்து சராசரியாக 2.42 வானியல் அலகு (பூமி-சூரியன் சராசரித் தொலைவு ஓர் அலகு) தொலைவில், 3.77 ஆண்டுக்கு ஒரு சுற்று. நம் ஊர் வானத்தில் பிடிபட்ட இந்தப் புள்ளியை நாமும் பார்க்கலாம். அது இன்றிரவு எங்கே நிற்கிறது என்று சொல்ல, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் இலவசமாக நடத்தும் ஹொரைசன்ஸ் என்ற இணையச் சேவையை மிஞ்ச ஆளில்லை. கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

துல்லியத்துக்குக் காரணம் உண்டு. ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலிகள் சிறுகோளை மாறாத நீள்வட்டத்தில் ஓடவிடுகின்றன. சுற்றுப்பாதைத் தரவைப் புதுப்பிக்காவிட்டால் இடம் விலகும். ஹொரைசன்ஸ் வியாழன் முதலான கோள்களின் இழுப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

ஆனால் முதல்முறை வருவோர் இடறும் இடங்கள் உண்டு. இலக்குப் பெட்டியில் வெறும் எண் போதாது; "67;" என்று அரைப்புள்ளியோடு தர வேண்டும். அரைப்புள்ளி இருந்தால்தான் அது சிறுகோள் எண். 4ஆம் எண் சிறுகோளான வெஸ்டாவை நினைத்து வெறும் 4 என்று போட்டால் செவ்வாய்தான் வந்து நிற்கும்.

அடுத்தது நேரம். அட்டவணை இயல்பாக யூடி எனும் உலகப் பொது நேரத்தில் வரும். நேர மண்டலத்தை +05:30 என்று மாற்றிவிடுங்கள், அல்லது இரவு 9 மணி என்றால் 15:30 வரியைப் படியுங்கள். எதிர்நிலையில், அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கும்போது, ஆசியா நாளொன்றுக்குச் சுமார் கால் பாகை நகர்கிறது. ஐந்தரை மணி நேரம் பிசகினால் மூன்றரை ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம்) தள்ளிப்போகும். சிறியதாகத் தோன்றும், ஆனால் அதே மங்கல் அளவுள்ள விண்மீன்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தவறான புள்ளியைப் பிடித்துவிட இது போதும்.

இடத்துக்கு மதுரையின் 9.92 வடக்கு, 78.12 கிழக்கு. உயரம் கிலோமீட்டரில் கேட்டால் 0.1 போதும், 100 என்று அடித்துவிட வேண்டாம். இவ்வளவு தொலைவில் உள்ள சிறுகோளுக்குப் பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிட்டாலும் வல ஏற்றமும் நடுவரை விலக்கமும் (வானில் இடத்தைக் குறிக்கும் இரு எண்கள்) பத்து ஆர்க் விநாடிக்குள்தான் மாறும். பிறகு ஏன் ஊரைத் தர வேண்டும்? தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரம் என்பதும், வரியோரக் குறிகளும் அப்போதுதான் கிடைக்கும். நட்சத்திரக் குறி இருந்தால் பகல். காலியாக இருந்தால் முழு இருட்டு. "எம்" எழுத்து இருந்தால் நிலா மேலே நிற்கிறது. எந்த இரவு வெளியே கிளம்புவது என்று முடிவு செய்ய இந்தக் குறிகளே போதும். இந்தச் சேவையின் மிக அழகான பகுதி இதுதான்.

பிரகாச எண்ணையும் பாருங்கள்; எண் கூடக் கூட மங்கல். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு என்ற அளவுகோலை 1856இல் முன்வைத்தவரும் இதே போக்சன்தான். ஆசியா எதிர்நிலையில் 10 முதல் 12 வரை இருக்கும். மேலூர், அழகர்மலைக்கு அப்பால் என்று நகர வெளிச்சம் குறைந்த பக்கம் போனால் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கிக்கு எட்டும், 1200 மி.மீ. குவியத்தூரத்தில் 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகு வில்லை) 48 மடங்கு உருப்பெருக்கமும் ஏறக்குறைய ஒரு பாகைப் பரப்பும் தரும்.

குறை என்றால், வரைபடம் இல்லை. எல்லாம் எண்தான், அதுவும் ஆங்கிலத்தில். கைபேசித் திரையில் வரிகள் உடைந்து நிற்கும். கணினியில் இறக்கி, அந்த எண்களை வைத்து ஸ்டெல்லேரியத்தில் விண்மீன் களத்தை அச்செடுத்துக்கொள்வது நல்லது. கண்டுபிடிப்பு, பெயர், சுற்றுப்பாதைப் படம் வேண்டுமென்றால் அதே ஆய்வகத்தின் சிறுபொருள் தரவுத்தளம் தனியாக இருக்கிறது.

எதிர்நிலை ஏறத்தாழ 16 மாதத்துக்கு ஒருமுறை வரும். அது ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுந்தால் தை வரை பொறுக்க வேண்டியிருக்கும். அதற்குள் ஒரு எண்ணுக்கு மேல் மங்கிவிடும் என்பதால் அமாவாசையை ஒட்டிய நாள்களாகவே அட்டவணையில் தேடுங்கள்.