பையனுக்கு வாங்குன விளையாட்டு புக்கு, பாதி தான் தேறும்
தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில அஞ்சாவது படிக்கிற பையனுக்காக விளையாட்டு வீரர்கள் பத்துன புக்கு ஒண்ணு வாங்குனேன். படமெல்லாம் சூப்பர், எழுத்தும் பெருசு. ஆனா உள்ள பாருங்க, உயரம் தாண்டுற வீரர் மாரியப்பன் தங்கவேலுவ பக்கம் பக்கமா புகழ்றாங்களே தவிர 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்குனாருன்னு ஒரு வரி இல்ல, அப்புறம் டோக்கியோவுல வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம், இதெல்லாம் எங்கப்பா போச்சு? நம்ம பக்கத்து சேலம் ஜில்லாக்காரரு வேற. பையன் கேட்டதே "எவ்ளோ உயரம் தாண்டுனாரு"ன்னு தான், நானே செவுத்துல டேப் வச்சு அளந்து காட்டுனதும் வாயப் பொளந்துட்டான். கபடி பகுதி மட்டும் உருப்படி, ஏழு பேரு எங்க நிக்கணும், போனஸ் கோடு எதுக்குன்னு படம் போட்டு வெளக்கிருக்காங்க. வாங்குறவங்க அட்டைய பாத்து ஏமாறாம உள்ள வருஷம், அளவு எல்லாம் இருக்கான்னு பொரட்டிப் பாத்துக்கங்க. என் கணக்குக்கு ரெண்டரை ஸ்டார், அதுவும் கபடிக்காக.