இ-கோர்ட்ஸ் செயலி: வாய்தா தேதி பார்ப்பது தவிர வேறு சில பயன்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்கவே முன்பெல்லாம் வக்கீல் குமாஸ்தாவுக்குத் திரும்பத் திரும்ப போன் போடுவோம். வழக்கு விவரங்களைப் போனிலேயே காட்டும் இ-கோர்ட்ஸ் செயலி வந்த பிறகு அந்த அலைச்சல் இல்லை. சில வருஷமாகப் பயன்படுத்துகிறேன். கோர்ட்டில் வழக்கு உள்ள யாரும் இதை வைத்துக்கொள்ளலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

முதலில் வக்கீலிடம் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடங்கள் கொண்ட அடையாளம் அது. பெயரைப் போட்டும் தேடலாம். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று தடுமாற வேண்டியிருக்கும். வழக்கை 'மை கேசஸ்' பகுதியில் சேர்த்துவிட்டால் சரி. அந்தப் பட்டியல் போனிலேயே இருப்பதால், போன் மாற்றும் முன் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

எனக்கு மிகவும் உதவியது வழக்கு வரலாறுதான். எந்தத் தேதியில் எதற்காக வழக்கு எடுக்கப்பட்டது என்று வரிசையாக இருக்கும்: அழைப்பாணை, எதிர்வழக்குரை (எதிர்த்தரப்பு எழுத்தில் தரும் பதில்), எழுவினா (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்), சாட்சி விசாரணை. தேதியைத் தொட்டால் அன்றைய நடப்புக் குறிப்பு வரும். மொத்தமாகப் படித்தபோதுதான், எதிர்வழக்குரை தாக்கல் செய்யவே எதிர்த்தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியது புரிந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதற்குத் தரும் அவகாசம் 30 நாள். காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டிக்கலாம். "நாம் ஏன் ஆட்சேபிக்கவில்லை சார்?" என்று வக்கீலிடம் கேட்டேன். அடுத்த வாய்தாவில் ஆட்சேபித்தார். 'வாய்தா போட்டாச்சு' என்ற பதிலை மட்டும் கேட்டுத் திரும்பிய நாள்களில் இப்படிக் கேட்க எங்களிடம் ஆதாரம் இல்லை.

விவரம் ஏறுவது அந்தந்த நீதிமன்ற அலுவலகத்தின் கையில். எங்கள் வழக்கில் சில சமயம் அன்று மாலையே ஏறிவிடும், சில சமயம் பழைய தேதியே நிற்கும். நேரில் ஆஜராக வேண்டிய நாள் என்றால் வக்கீலிடமும் உறுதி செய்துகொள்கிறேன். அப்புறம், இதில் இறங்கும் உத்தரவு படித்துப் பார்க்கத்தான். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் நகல் மனு போட்டாக வேண்டும்.

நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் மத்திய அரசு 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பழைய கேஸ் கட்டுகளை ஸ்கேன் செய்வது அதில் பெரிய வேலை. நல்லதுதான். ஆனால் வழக்காடுகிறவனாக நான் முதலில் கேட்பது இதை: வாய்தா கேட்டது யார், என்ன காரணம் சொன்னார் என்பது நடப்புக் குறிப்பில் ஒவ்வொரு தடவையும் கட்டாயம் ஏற வேண்டும். எங்கள் வழக்கில் பல தேதிகளுக்கு எதிரே 'ஒத்திவைக்கப்பட்டது' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.