அழிந்த தொடர்பு எண்கள்: குப்பைத்தொட்டியா, காலத்தைப் பின்னோக்கி நகர்த்துவதா?

கூகுள் கணக்கில் சேமித்திருந்த தொடர்பு எண்கள் அழிந்துபோனால் அவற்றை மீட்க இரண்டு வழிகள் உள்ளன. இரண்டுக்குமே 30 நாட்கள்தான் கெடு.

முதலாவது, தொடர்புகள் செயலியில் உள்ள குப்பைத்தொட்டி. நீக்கிய பெயரைத் தேடி எடுத்து மீட்டால் போதும். பட்டியலின் மற்ற பகுதிகளை அது தொடுவதில்லை. ஓரிரு பெயர்களை மட்டும் இழந்தவர்களுக்கு இதுவே ஏற்றது. ஆனால், தவறுதலாகத் திருத்தப்பட்ட எண்ணின் பழைய வடிவத்தை அங்கே தேடிப் பயனில்லை.

அந்த இடத்தில்தான் 'மாற்றங்களைச் செயல்தவிர்' என்னும் இரண்டாவது வழி கைகொடுக்கிறது. பத்து நிமிடத்துக்கு முன்போ ஒரு வாரத்துக்கு முன்போ இருந்த நிலைக்கு இது பட்டியல் முழுவதையும் திருப்பிவிடுவதால், அழிந்தவை மட்டுமன்றி, திருத்தங்களும், இரு பெயர்கள் தவறாக ஒன்றாய் இணைந்துபோனவையும்கூடச் சரியாகிவிடும்; ஆனால் இடைப்பட்ட நாட்களில் புதிதாகச் சேர்த்த எண்களை அதே வேகத்தில் இழக்க நேரிடும் என்பதால், முதலில் பட்டியலை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்வது அவசியம். இந்தச் சிறு வேலையைச் சோம்பலால் தவிர்ப்பவர்களே பெரும்பாலும் மறுபடி தவிக்கிறார்கள்.

சிம் அட்டையில் மட்டும் சேமித்த எண்களுக்கு இவ்விரண்டும் உதவாது.